வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம்

கேள்வி: அமெரிக்க ஊர்களின் புள்ளிவிவரத்தில் 'ஆங்கிலம் குறைவாக அறிந்தோர்' என்று ஒரு கணக்கு வருகிறதே, தேர்வு வைத்தா கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகர், திருச்சி

பதில்: தேர்வெல்லாம் இல்லை, வீட்டார் தரும் பதில்தான். 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற மாதிரிக் கணக்கெடுப்பில் 5 வயது நிரம்பியவர்களைப் பற்றிக் கேட்கிறார்கள்: வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறாரா? ஆம் என்றால் எந்த மொழி, ஆங்கிலம் எப்படிப் பேசுவார்? கடைசிக் கேள்விக்கு 4 விடைகள்: மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை. முதல் விடை தவிர மற்ற மூன்றும் 'குறைவு' கணக்கில் சேரும். அடக்கமாக 'நன்றாக' என்று குறித்த பொறியாளரும் அதில்தான்! பெரும்பாலும் வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து நிரப்புவதால், மாமியாரின் ஆங்கிலத்துக்கு மருமகன் மதிப்பெண் போடுவதும் உண்டு. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுபவருக்கு எத்தனை மொழி தெரிந்தாலும் கணக்கில் வராது.

கேள்வி: மகள் வசிக்கும் சிற்றூரில் தமிழ் பேசுவோர் எண்ணிக்கையை நம்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பிழை வரம்பைப் பாருங்கள். 300 என்று போட்டு வரம்பு 250 என்றிருந்தால், உண்மை 50 முதல் 550 வரை எங்கும் இருக்கலாம்; அதற்கும் 90 சதவீத உறுதிதான். 65,000-க்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு வராது, 5 ஆண்டுத் தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும்.