பி.எஃப். பணத்துக்காக வேலையை விடலாமா?

கேள்வி: என் கணவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளராக இருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த எங்கள் மகள் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் பேசி வைத்திருக்கிறோம். "ராஜினாமா செய்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் மொத்தமாகக் கிடைக்கும், பிறகு கான்ட்ராக்டில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம்" என்று கம்பெனியில் சொல்கிறார்களாம். செய்யலாமா?
– வாசகி, சூளகிரி

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் கணவர் எந்தக் காரணத்துக்காகவும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடக் கூடாது.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, அவருக்கு உரிய பணம்தான். ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது கணக்கு; மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைக் காண்பார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 700 வீதம் எட்டு ஆண்டுகளுக்கு 84,000 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டதால் இந்த உரிமை எங்கும் போய்விடாது. பணியில் தொடரத் தொடரத் தொகை கூடிக்கொண்டே இருக்கும். கான்ட்ராக்டில் திரும்பச் சேர்ந்தாலோ, நிரந்தரப் பணி போய்விடும், பணிக்காலமும் முதலிலிருந்து தொடங்கும். நாளை ஆட்குறைப்பு வந்தால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடாகக் கேட்கும் உரிமை நிரந்தரத் தொழிலாளருக்கு உண்டு; தாமாக விலகியவர் அந்த எட்டு ஆண்டுகளுக்கு அதைக் கேட்க முடியாது.

பலர் கவனிக்காத இன்னொன்று ஓய்வூதியம். பி.எஃப். கணக்கோடு சேர்ந்தே ஓடும் ஓய்வூதியத் திட்டத்தில், பத்து ஆண்டுப் பணி நிறைந்தவருக்கே 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இன்னும் இரண்டே ஆண்டுகள் இருக்கும் நிலையில் அந்த ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால், இதுவரை சேர்ந்த பணிக்காலம் அழிந்துவிடும். வேலையில் இருந்துகொண்டே, பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று பி.எஃப். முன்பணம் பெறலாம், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பி.எஃப். கணக்குக்கான அடையாள எண்ணான யூ.ஏ.என். உடன் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கின்றனவா, பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

ஆனால் அவ்வளவு பணம் உங்களுக்குத் தேவைதானா என்பதே என் கேள்வி. உங்கள் மகளுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தக் கட்டணச் சலுகை கிடையாது. ஆகவே கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் பணம் குறைந்தால், வித்யாலட்சுமி இணையதளம் வழியாகக் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டவும் வேண்டியதில்லை.

ஒருவேளை ராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால், அதை நிர்வாகம் ஏற்பதற்கு முன் எழுத்து மூலம் திரும்பப் பெற்று, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் கையெழுத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.