ஸ்பெயினின் காளைப்போரையும், அதில் காளையை இறுதியில் வாளால் கொல்லும் வீரரான மத்தாதோரையும் புரிந்துகொள்ள எந்த நூல்களை வாசிக்கலாம்?

பலரும் முதலில் பரிந்துரைப்பது எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' (1932). குதிரைமீதிருக்கும் பிக்காதோர் ஈட்டியால் காளையின் கழுத்துத் தசையைக் குத்தித் தளர்த்துவது, அடுத்து வருவோர் கூர்முனைக் குச்சிகளைச் செருகுவது, இறுதியில் மத்தாதோர் சிவப்புத் துணியோடும் வாளோடும் தனித்து நிற்பது ஆகிய மூன்று கட்டங்களையும் விரிவாக விளக்கும் நூல் அது. ஆயினும் அது வெளிநாட்டு ரசிகர் ஒருவரின் பார்வையே.

என் தேர்வு, மானுவேல் சாவெஸ் நொகாலெஸ் 1935இல் வெளியிட்ட, மத்தாதோர் ஹுவான் பெல்மோந்தேயின் வாழ்க்கை வரலாறு. செவில்யா நகரின் வறிய இளைஞர்கள் இரவில் ஆற்றை நீந்திக் கடந்து, மேய்ச்சல் நிலத்துக் காளைகளிடம் நிலவொளியில் திருட்டுத்தனமாகப் பயிற்சி பெற்றதைப் பெல்மோந்தேயே சொல்வதுபோல் அதில் வாசிக்கும்போது, இக்கலைக்கும் பசிக்கும் உள்ள உறவு தெளிவாகிறது. பாயும் காளைக்கு விலகி ஓடாமல், கூடியவரை நின்ற இடத்திலேயே நின்று துணியால் அதைத் திருப்பிவிடும் பாணியை நிலைநாட்டியவர் பெல்மோந்தே.

கவிதையில், 1934 ஆகஸ்டில் காளை குத்தி இறந்த தம் நண்பரான மத்தாதோர் இக்னாசியோ சான்செஸ் மெஹியாஸுக்காக ஸ்பானியக் கவிஞர் லோர்கா எழுதிய இரங்கற்பாவுக்கு இணையில்லை என்பேன். 'மாலை ஐந்து மணிக்கு' என்ற தொடர் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் அதன் முதற்பகுதியை உரக்க வாசிக்க வேண்டும்.

காளைப்போரைக் கொடுமையெனக் கருதுவோர் பிளாஸ்கோ இபான்யெஸின் 'சாங்ரே இ அரேனா' ('இரத்தமும் மணலும்', 1908) நாவலை வாசிக்கலாம். அதன் இறுதி வரி, உண்மையான விலங்கு ஆரவாரிக்கும் கூட்டமே என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டுகிறது.