தோழியின் கட்டுரைக்கு என்ன குறிப்பு எழுதுவது? – கேள்வி பதில்

ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட், மலேசியா: டீச்சர், தோட்டத் துண்டாடல், அதான் பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டா வித்தது, அதைப் பற்றிய கட்டுரையைத் தோழி என்கிட்ட படிக்கக் கொடுத்தா. 'நல்லா இருக்கு'ன்னு எழுதினேன். 'உருப்படியா ஒண்ணும் சொல்லலையே'ங்கிறா.

அவள் சொல்வது சரிதானம்மா. முதல் தடவை பேனாவைத் தொடாமல் கடைசி வரை படி. தாளைக் கவிழ்த்துவிட்டு, கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுது. அவள் சொல்ல நினைத்தது வேறு என்றால், முதலில் முன்னுரையைப் பாருங்கள். இரண்டாம் தடவை, ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஓரத்தில் நாலு சொல்லில் குறி. நாலு சொல்லில் அடங்காவிட்டால், பெரும்பாலும் அங்கே இரண்டு கருத்து முட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பத்திக்கு ஒரே குறிப்பு வந்தால் ஒன்றை வெட்டலாம்.

'துண்டாடலால் பல பிரச்சினைகள் ஏற்பட்டன. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டங்களை வாங்கினார்' என்று எழுதியிருக்கிறாள் என வை. 'தெளிவில்லை' என்று எழுதினால் அவளுக்கு ஒன்றும் புரியாது. கேள்வியாகக் கேள்: 'என்ன பிரச்சினை, வேலை போனதா, வீடு போனதா? தோட்டங்களை வாங்க 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எங்கே? பங்குப் பணம் போட்டவர்கள் தொழிலாளர்கள் ஆயிற்றே, அவர் தன் காசில் வாங்கியதுபோல் இருக்கிறதே?' இப்படி மூன்று குறிப்பு போதும். பத்து எழுதினால் எதைத் தொடுவது என்று தெரியாமல் அப்படியே வைத்துவிடுவாள்.

நாலாம் படிவ மாணவன்: எழுத்துப்பிழைய வட்டம் போடலாமா?

முதல் வரைவில் வேண்டாம். வெட்டப்போகிற பத்திக்கு ஒற்று எதற்கு?

ஒரு தகப்பனார்: என்னங்க டீச்சர், சந்திப்பிழைக்குப் புள்ளி போகுமே. விட்டுடச் சொல்றீங்களே?

விடச் சொல்லவில்லை ஐயா, தள்ளிப்போடச் சொன்னேன். இரண்டாம் வரைவில் பார்க்கட்டும். 'அந்த தோட்டம்' நாலு இடத்தில் இருந்தால், ஒன்றில் மட்டும் 'அந்தத் தோட்டம்' என்று காட்டட்டும். மீதி மூன்றை எழுதினவனே தேடட்டும்.

அதே தகப்பனார்: கூடப் படிக்கிற பையனே தப்பாத் திருத்திட்டா?

அதனால்தான் திருத்தாமல் அடிக்கோடு போட்டுக் கேள்விக்குறி வைக்கச் சொல்கிறேன். 'வேலை செய்தான்' சரியாகவே இருக்கும். அக்கறையாக ஒரு ச் சேர்த்து 'வேலைச் செய்தான்' என்று கெடுப்பார்கள். ஐ உருபு மறைந்திருந்தால் ஒற்று மிகாது; 'வேலையைச் செய்தான்' என்று வெளியே தெரிந்தால் மிகும்.

இன்னொருவர்: பிரச்சனையா, பிரச்சினையா?

இரண்டும் புழக்கத்தில் உண்டு. ஒரே கட்டுரைக்குள் இரண்டும் வேண்டாம்.

மாணவி: பாராட்டவே கூடாதா டீச்சர்?

தாராளமாகப் பாராட்டு, எந்த வரி என்று காட்டி.

மாணவன்: டீச்சர், எழுத்துப்பிழை…

மேலே படி தம்பி. பேனாவை மூடி வை.

மாணவி: மலாய்க் கட்டுரைக்கும் இதேதானா?

கருத்தைப் பார்க்கும் முறை இதேதான். இலக்கணத்துக்கு உங்கள் மலாய் ஆசிரியரைக் கேள்.

ஐந்தாம் படிவ மாணவி: அவ முடிவுரை சப்புன்னு இருக்கு. நானே எழுதிக் கொடுத்துடவா?

கூடாது. முன்னுரையில் அவள் எழுப்பிய எந்தக் கேள்விக்கு முடிவுரையில் பதில் இல்லை என்று மட்டும் ஓரத்தில் எழுது.