பாதி நேரம் டிவியை யாருமே பார்ப்பதில்லை: கேள்வி பதில்

தக்கலையில் 19 வருடமாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். டிவி பார்ப்பதைக் குறைப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். சிலர் ‘டாக்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, அக்கா போதும்.

அக்கா, மகனுக்கு இரண்டரை வயது. விளம்பரப் பாட்டை முழுதாகப் பாடுவான். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். டிவியை நிறுத்தினால் பேசிவிடுவானா? (மார்த்தாண்டம்)

டிவியை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவரைப் பார்க்க நாளாகும் என்றால் அதுவரை காத்திருக்காமல் டிவியைக் குறைத்துவிடுங்கள்.

காரணம் எளிது. டிவியில் வரும் பொம்மையும் “இது என்ன நிறம்?” என்று கேட்கும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்காது. பிள்ளை உளறினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நாம் ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று சொல்ல, அதற்கு நாம் திரும்பச் சொல்ல, இப்படி மாறி மாறி நடப்பதில்தான் பேச்சு வருகிறது. டிவி ஓடும் வீட்டில் பெரியவர்களும் பிள்ளையிடம் பேசுவது குறைந்துபோகும்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் டிவி அலறுகிறது, முன்னால் ஆளே இல்லை. ஆச்சி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தேன். கத்தி பலகையில் படும் சத்தம் அப்போதுதான் கேட்டது, பிள்ளைக்கும் கேட்டிருக்கும். எழுந்து அடுக்களைக்குப் போனான். ஆச்சி ஒரு துண்டை நீட்டி, “இது என்னது மக்கா?” என்றார். பதில் இல்லை. “கெழங்கு” என்று அவரே சொல்லிக் கையில் கொடுக்க, அவன் பானைத் தண்ணீரில் போட்டான். நாலாவது துண்டுக்கு “கெங்கு” என்றான். எனக்கு அன்று வேறு வேலையே இருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் மகனுக்கு அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்ப்பதாக இருக்கட்டும். அப்புறம், நேந்திரம்பழத்தைக் கேட்கும் முன்னே உரித்துக் கொடுக்காதீர்கள். கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி மலையாளம், நாங்கள் தமிழ். பிள்ளை குழம்பாமல் நல்ல தமிழ் பேசட்டும் என்று டிவி போட்டுவிடுகிறோம். சரிதானே? (குழித்துறை)

சரியில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. பாட்டி மலையாளத்திலேயே கதை சொல்லட்டும், அந்த நேரம் டிவி வேண்டாம்.

ரப்பர் பால் வெட்டுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன். இரவு டிவி பார்த்துப் படுக்க 11 ஆகிவிடுகிறது. பழகிவிட்டது, இதனால் என்ன கெடுதல்? (குலசேகரம்)

அண்ணா, ஐந்து மணி நேரத் தூக்கம் பழகியதுபோலத் தோன்றும், உடம்பு பழகாது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு மத்தியானம் ஓய்வு இருக்கும், சீரியலின் மறு ஒளிபரப்பை அப்போது பாருங்கள். இரவு ஒன்பதுக்கு டிவி அணைந்துவிட வேண்டும். முதல் வாரம் வீட்டில் சண்டை வரும்.

மாமியாருக்கு 74 வயது, பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். டிவிதான் துணை. குறைக்கச் சொல்லலாமா? (நாகர்கோவில்)

ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். தனியாக இருப்பவருக்கு ஒரு குரல் வேண்டியிருக்கிறது. விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து வாசல்வரை ஒரு நடை நடந்து வரச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காருவதுதான் உடம்புக்குக் கேடு. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் அவருக்கும் காது பரிசோதனை தேவை. மாலையில் நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் டிவி ஓடுகிறதா என்பதுதான் என் கேள்வி.

நாங்கள் கடலுக்குப் போகிறவர்கள். புயல் செய்திக்காக டிவி எப்போதும் ஓடும். அதையும் குறைக்க வேண்டுமா? (குளச்சல்)

செய்தியைக் குறைக்க வேண்டாம். ஆனால் எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க நாளுக்கு நாலு முறை போட்டால் போதாதா? 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டிவி வெறும் பெட்டியாகக் கிடந்தது. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள்.

கரண்ட் பில் குறையுமா? (தோவாளை)

கொஞ்சம் குறையும். 43 அங்குல எல்இடி டிவி சுமார் 100 வாட் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிட், இரண்டு மாத பில்லில் 30 யூனிட். செட்டாப் பாக்ஸ் சும்மா கிடந்தாலும் கரண்ட் எடுக்கும். படுக்கப் போகும் முன் ரிமோட்டில் அல்ல, சுவரில் இருக்கும் சுவிட்சில் அணையுங்கள்.