பேசவும் வேண்டும், ஸ்கேனராகவும் வேண்டும்: எந்த வாக்கி டாக்கி வாங்குவது?

கேள்வி: ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் இப்போதுதான் கைக்கு வந்தது. மலையேறும்போது நண்பர்களோடு பேச ஒரு வாக்கி டாக்கி வேண்டும். அதிலேயே விமானம், கப்பல், போலீஸ் பேசுவதையும் கேட்க ஆசை. பெட்டியில் "136-174, 400-520 மெகாஹெர்ட்ஸ், ஸ்கேன் வசதி உண்டு" என்று போட்டிருக்கும் ஒரு சின்னக் கருவியைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது போதுமா, பல அலைவரிசைகளைத் தானாகவே மாற்றி மாற்றிக் கேட்கும் ஸ்கேனர் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, யார் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக எந்த அலைவரிசை, குரலை அனுப்பும் முறை ஏஎம்மா எஃப்எம்மா டிஜிட்டலா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

நீங்கள் சொன்ன மூன்றில் போலீஸை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பல நாடுகளில் அவர்கள் பி25, டெட்ரா மாதிரியான டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டார்கள். சாதாரண வாக்கி டாக்கியில் அது வெறும் உறுமலாகத்தான் கேட்கும். அதிலும் ட்ரங்கிங் என்ற முறையில் ஒவ்வொரு பேச்சுக்கும் அந்தந்த நேரத்தில் காலியாக இருக்கும் அலைவரிசையை ஒரு கட்டுப்பாட்டு சேனல் ஒதுக்கும், அதைத் துரத்திப் பிடிக்க அதற்கென்றே செய்த ஸ்கேனர் வேண்டும். குறியாக்கம் செய்துவிட்டால் அந்த ஸ்கேனராலும் ஒன்றும் ஆகாது. இது போக, சில நாடுகளில் இதையெல்லாம் கேட்பதே குற்றம், எனவே உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கப்பல் சுலபம். கடல்வழி சேனல்கள் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸுக்குள், எஃப்எம்மில் இருக்கின்றன. அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8. நீங்கள் பார்த்த கருவியிலேயே கேட்கும்.

விமானத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விமானிகள் பேசுவது 118 முதல் 137 வரை, அதுவும் ஏஎம்மில். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். ஏஎம்மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி வரும், யாரோ குறுக்கே பேசுகிறார்கள் என்று கோபுரத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். விமானத்துறை இன்றும் ஏஎம்மை விடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 136-இல் தொடங்குகிற, எஃப்எம் மட்டும் தெரிந்த கருவிக்கு இது எட்டாது. பாவ்ஃபெங் யூவி-5ஆர் அந்த வகைதான். யேசு நிறுவனத்தின் எஃப்டி-60ஆர் 108-இலிருந்து கேட்கும், ஏஎம் உண்டு, 1000 சேனல்களைச் சேமிக்கலாம், பழைய மாடல் என்றாலும் உறுதியானது. விலை குறைந்த குவான்ஷெங் யூவி-கே5-இலும் ஏஎம் உண்டு, 200 சேனல்கள். ஆனால் பலமான சிக்னலில் குரல் கரகரக்கும்.

அடுத்தது வேகம். "ஸ்கேன் வசதி உண்டு" என்ற வரி இதைச் சொல்லாது. விலை குறைந்த வாக்கி டாக்கி நொடிக்கு மூன்று நான்கு சேனல்தான் புரட்டும். 60 சேனல் போட்டு வைத்திருந்தால் ஒரு சுற்று வர 15, 20 நொடி ஆகிவிடும், விமானி பேசுவதோ நாலு நொடி, அதனால் அது அந்தச் சேனலுக்கு வந்து சேரும்போது பேச்சு முடிந்து அமைதிதான் இருக்கும். தனி ஸ்கேனர்கள் நொடிக்குப் பல பத்து சேனல்களைப் பார்த்துவிடும். வாக்கி டாக்கியில் கேட்பதாக இருந்தால் பட்டியலைப் பத்துப் பன்னிரண்டுக்குள் சுருக்குங்கள், எப்போதும் இரைச்சலாக இருக்கும் சேனலை ஸ்கேனிலிருந்து நீக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது வேறொன்று. சாதாரணக் கருவியில் இருப்பது ஒரே ஒரு ரிசீவர். அது விமானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், பின்னால் வரும் நண்பர் காலைப் பிசகிக்கொண்டு கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. இரண்டு அலைவரிசையைக் காட்டும் திரை இருந்தாலும் பெரும்பாலானவை மாறி மாறித்தான் பார்க்கின்றன. மலையில் நடக்கும்போது ஸ்கேனை அணைத்துவிட்டு குழுவின் சேனலில் மட்டும் இருங்கள். கேட்பதெல்லாம் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது, அதுவும் நண்பர்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது.

அப்புறம், கேட்க மட்டும் சேமித்த சேனல்களில் ஒலிபரப்பைப் பூட்டி வையுங்கள். கருவியின் சேனல்களைக் கணினியில் அமைக்கும் சிர்ப் என்ற இலவச மென்பொருளில் டூப்ளெக்ஸ் என்ற கட்டத்தில் ஆஃப் என்று கொடுத்தால் போதும். ஸ்கேன் 156.8-இல் நின்றிருக்கும்போது கைதவறி பேசும் பட்டனை அழுத்தினால், அவசர அழைப்புக்கான சேனலில் நீங்கள் குறுக்கே விழுவீர்கள்.

ஆகவே நீங்கள் பார்த்து வைத்த கருவி வேண்டாம். ஏஎம் கேட்கும் வாக்கி டாக்கி ஒன்று வாங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் கேட்கும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது தனி ஸ்கேனர் வாங்கலாம்.

கேள்வி: பெரிய ஆன்டெனா போட்டால் இதே வாக்கி டாக்கி நல்ல ஸ்கேனர் ஆகிவிடுமா?

பதில்: ஓரளவுக்கு. கூட வரும் ரப்பர் ஆன்டெனா ஹாம்கள் பேசும் 145, 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நன்றாக வேலை செய்யும்படி செய்தது, விமான அலைவரிசையில் மந்தம்தான். 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும்: 125-க்கு 60 சென்டிமீட்டர், 145-க்கு சுமார் 52. இழுத்து நீட்டும் ஆன்டெனா ஒன்று வாங்கி, கேட்பதற்கேற்ற நீளத்தில் வையுங்கள். பேசும்போது மறக்காமல் 145-க்கான நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். வாங்கும் முன் இணைப்பின் நடுவில் ஊசி இருக்கிறதா துளை இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள், பாவ்ஃபெங்கும் யேசுவும் இதில் நேர் எதிர்.

மொட்டைமாடி ஆன்டெனாவை மட்டும் விலை குறைந்த கருவியில் மாட்ட வேண்டாம். நான் மாட்டிப் பார்த்திருக்கிறேன். கையில் பிடித்தபோது தெளிவாகக் கேட்ட நண்பரின் குரல், மாடிக் கம்பியைச் சொருகியதும் காணாமல் போய் அந்த இடத்தில் எஃப்எம் வானொலியின் பாட்டு மங்கலாக ஓடியது. பக்கத்துப் பலமான சிக்னல்களை வடிகட்டும் திறன் உள்ளே இல்லை என்றால், ஆன்டெனா பெரிதாகப் பெரிதாகக் காது மந்தமாகத்தான் ஆகும்.