முதலில் கைதட்டியவன்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன விடுமுறைக்கு ஹாஸ்டல் நண்பர்கள் இருவரோடு வீட்டுக்கு வந்திருந்தான். எல்லோருமாக ‘தி பாய்ஸ்’ என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடரின் மூன்றாவது சீசனைப் பார்த்தோம். கடைசிக் காட்சியில், மக்கள் கொண்டாடும் கொடூரமான சூப்பர் ஹீரோ ஹோம்லேண்டர் கூட்டத்துக்கு நடுவே ஒருவன் தலையைக் கண்ணாலேயே எரித்துக் கொல்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதே நேரத்தில் தம்பியும் நண்பர்களும் விசிலடித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் போனில் வால்பேப்பரும் ஹோம்லேண்டர்தான். கேட்டால் “மாஸா இருக்கான்ணா” என்கிறான். நான்காவது சீசனுக்கு ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டியவர்கள் எழுதியதையும் படித்தேன். இந்தப் பார்வையாளர்கள் எல்லோரும் முட்டாள்களா? இல்லை, எடுத்தவர்கள் எங்கோ தவறிவிட்டார்களா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் தம்பி முட்டாள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹோம்லேண்டரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாமல்தான் நானும் அந்தத் தொடரைப் பார்த்தேன். அவனாக நடித்த ஆன்டனி ஸ்டாரின் முகத்தைக் கவனித்திருப்பீர்கள். வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. கன்னத்தில் ஒரு தசை மட்டும் லேசாகத் துடிக்கும். அடுத்த நொடி எதிரே நிற்பவரின் தோளைத் தட்டுவானா, அவரை இரண்டாகப் பிளப்பானா என்று யாருக்கும் தெரியாது. அவன் அறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், நாமும் பிடித்துக்கொள்கிறோம். இப்படி ஒரு முகத்தை மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தால் பயத்தோடு ஒரு ஒட்டுதலும் வந்துவிடும். நல்ல நடிப்பு அப்படித்தான் வேலை செய்யும்.

நம் வட மாவட்டங்களில் பாரதக் கூத்து பார்ப்பவர்களுக்கு இது புதிது இல்லை. துரியோதனன் வேஷம் கட்டியவர் கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து நின்றால் விடியவிடிய அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போர் முடியும் படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைத் துடைப்பத்தாலும் முறத்தாலும் அடிப்பதும் அதே ஊர்க்காரர்கள்தான். வேஷத்தை ரசிப்பதும் அவன் செய்ததை மன்னிப்பதும் வேறுவேறு என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்ததில்லை.

ஆக, வால்பேப்பர் எனக்குப் பெரிய கவலை இல்லை. விசில்தான் கவலை.

தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஹோம்லேண்டரை அவன் முதலில் பார்த்தது தொடரிலா, போனில் வந்த முப்பது நொடித் துண்டிலா? துண்டில் ஸ்லோ மோஷன் இருக்கும், பின்னால் ஒரு அதிரும் பிஜிஎம் இருக்கும். முதல் சீசனின் நான்காவது எபிசோடில் வரும் விமானம் இருக்காது. அதை நான் மறக்கவில்லை. கடத்தப்பட்ட விமானத்துக்குள் ஹோம்லேண்டரும் அவன் சகாவான சூப்பர் ஹீரோயின் மேவும் நுழைகிறார்கள். பயணிகள் பிழைத்தோம் என்று மகிழ்கிறார்கள். கடத்தல்காரனைச் சுடப்போய் ஹோம்லேண்டரின் லேசர் விமானியின் கருவிகளையே பொசுக்கிவிடுகிறது. விமானத்தை வெளியிலிருந்து தூக்க முடியாதா என்று மேவ் கேட்கிறாள். காற்றில் காலை எங்கே ஊன்றுவது என்கிறான். குழந்தைகளையாவது கொண்டுபோகலாம் என்று கெஞ்சுகிறாள். பிழைப்பவர்கள் வெளியே போய் நடந்ததைச் சொல்லிவிடுவார்களே, அதனால் அதுவும் முடியாது. நெருங்கி வரும் பயணிகளைப் பார்த்து, பின்னால் போகாவிட்டால் எல்லோரையும் எரித்துவிடுவேன் என்கிறான். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவளோடு பறந்து வெளியேறுகிறான். பிறகு அதே விபத்தைக் காட்டி, சூப்பர் ஹீரோக்களை ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று கரையில் நின்று உருக்கமாகப் பேசுகிறான்.

தொடருக்குள் அவனை விற்கும் வாட் நிறுவனமும் இப்படித்தான் வெட்டி ஒட்டுகிறது. சிரிப்பு, கொடி, கழுகு பதித்த தோள்கள் எல்லாம் வெளியே வரும், விமானம் வராது. அந்த வேலையை இன்று நம் பையன்களே சம்பளம் வாங்காமல் செய்து தருகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சரி, ஒற்றை ஸ்டார்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 2020இல் இரண்டாவது சீசன் வந்தபோதும் ஒற்றை ஸ்டார் மழை பொழிந்தது. காரணம் கதை இல்லை. 2019இல் எட்டு எபிசோடுகளும் ஒரே நாளில் வந்தன. இந்த முறை மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாரம் ஒன்றாக விட்டார்கள். அது தாங்களே எடுத்த முடிவுதான் என்று தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி விளக்கினார். அந்தக் கோபத்தில் பேச ஒன்றும் இல்லை.

நான்காவது சீசன் வந்த 2024இன் கோபத்தில் இரண்டு சரடுகள் இருந்தன. ஒன்று, ‘தொடரில் அரசியல் புகுந்துவிட்டது’ என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் எபிசோடிலிருந்தே ஹோம்லேண்டர் அமெரிக்கக் கொடியைத்தான் முதுகில் போட்டுக்கொண்டு அலைகிறான். இரண்டாவது சீசனில் அவன் காதலித்த ஸ்டார்ம்ஃபிரன்ட் ஹிட்லர் காலத்து நாஜி. ஹோம்லேண்டருக்கு டிரம்ப்தான் ஒப்புமை என்று கிரிப்கி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அமெரிக்கப் பார்வையாளருக்கு இது எவ்வளவு பக்கத்தில் நடக்கும் கதை என்பதும் அந்த ஆண்டே தெரிந்தது. ஜூலை 13ஆம் தேதி பென்சில்வேனியாவில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து நாள் கழித்து வரவேண்டிய கடைசி எபிசோடின் தலைப்பிலேயே ‘படுகொலை’ என்ற சொல் இருந்தது. தலைப்பை மாற்றி, முன்னால் ஒரு எச்சரிக்கையும் போட்டு வெளியிட்டார்கள்.

இன்னொரு சரடு, ஹோம்லேண்டரை எதிர்க்கும் குழுவில் இருக்கும் ஹியூயியைப் பற்றியது. இதில் நான் பார்வையாளர்கள் பக்கம்.

அப்பா இறந்த துக்கம் ஆறுவதற்குள் ஹியூயி வேறொரு ஹீரோவின் உடைக்குள் ஒளிந்துகொண்டு டெக் நைட் என்ற சூப்பர் ஹீரோவின் மாளிகைக்குப் போகிறான். நிலவறையில் அவனைக் கட்டிப்போட்டு, அவன் விருப்பம் இல்லாமல் உடலோடு விளையாடுகிறார்கள். காட்சி முழுக்கச் சிரிப்புக்காக எடுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேட்டியில் கேட்டபோதும் அது எங்களுக்கு நகைச்சுவைதான் என்ற தொனியில்தான் கிரிப்கி பதில் சொன்னார். அப்புறம், உருமாறும் ஒருத்தி அவன் காதலி ஆனியின் வடிவில் வந்து அவனோடு வாழ்ந்துவிட்டுப் போகிறாள். உண்மை தெரிந்ததும் ஏமாற்றப்பட்ட ஹியூயிதான் ஆனியின் கோபத்தையும் வாங்கிக்கொள்கிறான்.

இதே தொடரின் முதல் எபிசோடில் ஆனியை சக சூப்பர் ஹீரோ டீப் மிரட்டிப் பணியவைத்தபோது யாரும் நம்மைச் சிரிக்கச் சொல்லவில்லை. அவள் கழிப்பறையில் நின்று தன் முகத்தைப் பார்த்துக்கொள்வதும், பிறகு பெருங்கூட்டத்தின் முன்னால் எழுதிக்கொடுத்த உரையை விட்டுவிட்டுத் தனக்கு நடந்ததைப் பேசுவதும் எவ்வளவு பொறுப்போடு எடுக்கப்பட்டவை! அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுத்தது தொடர்தான். ஆணுக்கு நடந்தால் மட்டும் அது எப்படி வேடிக்கையாகும் என்று பலர் கேட்டார்கள். தங்கள் கதையையும் எழுதினார்கள். அவர்கள் தொடரைத் தவறாகப் படிக்கவில்லை. எடுத்தவரை விடச் சரியாகப் படித்தார்கள். படைத்தவர் பேட்டியில் சொல்வது கடைசி வார்த்தை என்று நான் நினைக்கவில்லை. திரையில் இருப்பதைப் பார்த்தவருக்கும் சொல்ல உரிமை இருக்கிறது, நமக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்தாலும்.

இனி, உங்கள் தம்பி. தடை போட வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது அந்தக் கடைசிக் காட்சியை அவனோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள், இந்த முறை ஹோம்லேண்டரை விட்டுவிட்டு. கூட்டத்தில் ஒருவன் எறிந்த பொருள் ஹோம்லேண்டரின் மகன் ரயன்மேல் படுகிறது, எறிந்தவன் செத்து விழுகிறான். கூட்டம் உறைந்து நிற்கிறது. ஹோம்லேண்டருக்கே ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது ஒருவன் கத்திக் கைதட்டுகிறான். அவன் பெயர் டாட். ஹியூயியின் குழுவில் இருக்கும் மதர்ஸ் மில்க் என்பவரின் மகளை வளர்க்கும் சாதாரண ஆள், எந்த சக்தியும் இல்லாதவன். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஆரம்பிக்கிறார்கள். ஹோம்லேண்டரின் முகத்தில் சிரிப்பு விரிகிறது. ரயனின் உதட்டிலும் லேசாக ஒன்று வருகிறது.

நிறுத்தாமல் நான்காவது சீசனின் முதல் எபிசோடையும் போடுங்கள். டாட் அதில் வருகிறான். தன் தெய்வம் தன்னைக் கூப்பிட்டு அனுப்பியதில் அவன் முகமெல்லாம் பூரிப்பு. சிறிது நேரத்தில் அதே ஹோம்லேண்டரின் உத்தரவில் அவனையும் இன்னும் இருவரையும் அடித்துக் கொல்கிறார்கள். பழியை எதிர்த்தரப்பின்மேல் போட மூன்று பிணங்கள் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் தம்பி என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.