மல்டிமீட்டர் இருக்க ஆசிலாஸ்கோப் எதற்கு?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் கணினிப் பழுதுபார்க்கும் வேலை செய்து வருகிறேன். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர் ஆகியவை என்னிடம் உள்ளன. உதிரிப்பாகங்களை மாற்றுவதோடு நில்லாமல், மதர்போர்டுகளையே பழுதுநீக்கக் கற்று வருகிறேன். ஆசிலாஸ்கோப் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று சிலரும், அது மேசைக்கு அலங்காரம் மட்டுமே என்று சிலரும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் கருவிகளின் பட்டியலில், மின்னோட்டத்தைக் காட்டவும் அதற்கு எல்லை வைக்கவும் வசதியுள்ள டிசி பவர் சப்ளை இல்லை. மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்புக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள். உயிரற்று வரும் போர்டுகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு, ஷார்ட் ஆன கெப்பாசிட்டர், எரிந்த மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்), திரவம் பட்டு அரித்த தடம் என்ற அளவிலேயே இருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் டயோடு நிலையும், ஷார்ட் ஆன தடத்தில் ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுத்து எது சூடாகிறது என்று பார்க்கும் பொறுமையும் போதும். அந்தப் போர்டின் ஸ்கீமேட்டிக் (சுற்று வரைபடம்) கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மல்டிமீட்டர் கைவிடும் இடம் வேறு. அது நொடிக்குச் சில முறை மட்டுமே அளந்து, சராசரியைக் காட்டும் கருவி. மதர்போர்டில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சுற்றுகளோ நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுபவை. அந்த இடைவெளிக்குள் நடப்பது எதுவும் மல்டிமீட்டரின் கண்ணில் படாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மடிக்கணினியின் போர்டில் 5 வோல்ட் தடம் (அந்த மின்னழுத்தத்தைப் பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் வழி) வரவே இல்லை. பொத்தானை அழுத்தும்போது மல்டிமீட்டரில் எண் ஒருமுறை துடித்து, பூஜ்யத்துக்குத் திரும்பியது. அந்தத் தடத்தை இயக்கும் கண்ட்ரோலர் சிப் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதை இரண்டு முறை மாற்றினேன். பிறகு ஓர் ஆசிலாஸ்கோப்பை இரவல் வாங்கி, சிங்கிள் டிரிகர் (ஒருமுறை நடப்பதைப் பிடித்துத் திரையில் நிறுத்தும் வசதி) வைத்துப் பார்த்தபோது, மின்னழுத்தம் ஒழுங்காக 5 வோல்ட் வரை ஏறி, சில மில்லிநொடிகள் நின்று, பிறகு செங்குத்தாக விழுவது திரையில் அப்படியே உறைந்து நின்றது. அப்படியானால் சிப் வேலை செய்கிறது. மின்னோட்டம் மிகுந்துவிட்டதாக எண்ணித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அந்தச் சிப்பில் மின்னோட்ட எல்லையை ஒரு சிறு ரெசிஸ்டர்தான் நிர்ணயிக்கிறது. அதன் அடியில் படிந்திருந்த கசடு அதன் மதிப்பைக் குறைத்து, எல்லையையும் தாழ்த்திவிட்டிருந்தது. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதும் போர்டு எழுந்தது. முதலில் நான் மாற்றிய இரண்டு சிப்புகளும் நல்லவையே!

இப்படி ஒரு தடம் எழுந்து விழுவதையும், எந்தத் தடத்துக்குப் பின் எந்தத் தடம் எழுகிறது என்ற வரிசையையும் பார்ப்பதுதான் கணினிப் பழுதுநீக்கத்தில் ஆசிலாஸ்கோப்பின் முதன்மைப் பயன் என்பேன். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு தடங்களைப் பார்க்க இரண்டு சேனல்களாவது வேண்டும்.

காரணமில்லாமல் உறைந்துபோகிற, தானாக மீண்டும் தொடங்குகிற கணினிகளில் அடுத்த பயன் இருக்கிறது. மல்டிமீட்டர் 12.05 வோல்ட் என்று காட்டும். அந்த நேர்மின்னழுத்தத்தின் மேல் ஏறி அலையும் ரிப்பிளைக் காட்டாது. மேசைக்கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறைப்படி 12 வோல்ட் தடத்தில் ரிப்பிள் உச்சி முதல் அடி வரை 120 மில்லிவோல்ட்டுக்குள்ளும், 5 மற்றும் 3.3 வோல்ட் தடங்களில் 50 மில்லிவோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இதை அளக்கும்போது ஏசி கப்ளிங்கிலும் (மாறும் பகுதியை மட்டும் காட்டும் நிலை) 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரம்பிலும் (அதைவிட வேகமான அலைவுகளை ஒதுக்கும் நிலை) வைத்து, அளக்கும் முனையான புரோப்பின் நீண்ட கிரவுண்ட் கம்பிக்குப் பதிலாக அதனுடன் வரும் குட்டி ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்தக் கம்பியே ஆன்டெனாவாகி, பழுதில்லாத பவர் சப்ளையின் மேல் பழி போடும்.

போர்டுக்குக் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல்களையும் பார்க்கலாம். ஆனால் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் புரோப்பை வைத்ததுமே அலைவு நின்றுவிடுவதுண்டு, பழுதே இல்லாதபோதும். மின்னழுத்தத்தைக் குறைக்காமல் அனுப்பும் 1எக்ஸ் நிலையில் புரோப்பின் கெப்பாசிட்டன்ஸ் நூறு பிகோஃபாரட் அளவுக்கு இருப்பதே காரணம். பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பும் 10எக்ஸ் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். கணினியைத் தொடக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பின் சிப் செலக்ட் காலில் (அந்தச் சிப்பைப் படிக்க அழைக்கும் கால்) துடிப்புகள் தெரிந்தால், மின்தடங்களின் வரிசை பெரும்பாலும் முடிந்து, பயாஸைப் படிக்கும் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு மின்தடங்களிலேயே தேடிக்கொண்டிருப்பது வீண்.

ரேம், பிசிஐ எக்ஸ்பிரஸ் போன்ற அதிவேகத் தடங்களைப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். டிடிஆர்4-3200 ரேமின் கிளாக்கே 1600 மெகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப்போ, 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையையே அதன் உண்மையான உயரத்தில் ஏறத்தாழ 70 சதவீதமாகத்தான் காட்டும்; சதுர அலைக்கு இன்னும் ஐந்து மடங்கு வரம்பு தேவை. ஆகவே இரண்டு சேனலும் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரம்பும் கொண்ட டிஜிட்டல் கருவி உங்களுக்குப் போதும்.

நீங்கள் இப்போதே வாங்க வேண்டுமா? "எல்லாத் தடமும் சரி, ஆனால் எழவில்லை" என்று நீங்கள் ஒதுக்கி வைத்த போர்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் காத்திருக்கலாம். அலமாரி நிறைந்துவிட்டது என்றால் வாங்குங்கள்.

கேள்வி: பவர் சப்ளையின் உட்புறத்தைச் சோதிக்கும்போது, ஆசிலாஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை நீக்கிவிட்டால் பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: இது உயிருக்கு ஆபத்தான யோசனை. மேசையில் வைக்கும் ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், கருவியின் உட்புறமாக எர்த்துடன் இணைந்திருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் பவர் சப்ளையின் முதன்மைப் பகுதியில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். அங்கே கிளிப்பை மாட்டினால் பிரிட்ஜ் டயோடு வழியாக ஷார்ட் ஆகி, வெடிப்புச் சத்தத்துடன் முடியும். எர்த் பின்னை நீக்கினால் ஷார்ட் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் ஆசிலாஸ்கோப்பின் வெளியே தெரியும் உலோகப் பகுதிகள் அனைத்தும் அந்த மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும், அவற்றைத் தொடப்போவது உங்கள் கை. சோதிக்கப்படும் பவர் சப்ளைக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (எர்த்துடன் தொடர்பறுத்து மின்சாரம் தருவது) கொடுங்கள், அல்லது உயர் மின்னழுத்த டிஃபரென்ஷியல் புரோப்பை (எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளப்பது) பயன்படுத்துங்கள். இரண்டும் இல்லையென்றால் வெளியீட்டுப் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு, பவர் சப்ளையை மாற்றிவிடுவதே மேல்.

கேள்வி: கையடக்க ஆசிலாஸ்கோப் பயன்படுமா?

பதில்: விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சாம்பிள் வேகம் (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது), நீங்கள் தேட வேண்டியது அலைவரிசை வரம்பு (எவ்வளவு வேகமான அலையைக் காட்டும் என்பது). சில மெகாஹெர்ட்ஸ் வரம்பே இருந்தாலும் தடங்கள் எழும் வரிசையைப் பார்த்துவிடலாம். சிங்கிள் டிரிகர் இல்லாத கருவி மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒரே ஒருமுறை எழுந்து விழும் மின்னழுத்தத்தை அதனால் பிடித்து நிறுத்திக் காட்ட முடியாது.